தமிழில் ஒரு பந்துன் எழுதலாம், வாருங்கள்

மலேசியாவில் பள்ளிக்கூடம் போனவர்களுக்குப் பந்துன் என்ற நான்கு வரி மலாய்ப் பாட்டு புதிதல்ல. மலாய்ப் பாடத்தில் படித்திருப்போம். மலாய்க் கல்யாண வீடுகளில் இரு தரப்பும் மாறி மாறிச் சொல்லக் கேட்டிருப்போம். 2020-ல் யுனெஸ்கோவின் மரபுப் பட்டியலிலும் இது சேர்ந்தது. தளையும் சீரும் பார்த்து வெண்பாவில் இறங்கத் தயங்குகிறவர்களுக்கு நான் பந்துனைத்தான் சொல்வேன்.

அமைப்பு எளிது. நான்கு வரி, வரிக்கு ஏறக்குறைய நான்கு சொல். புள்ளி வைத்த எழுத்தை விட்டுவிட்டு எண்ணினால் ஒரு வரியில் 8 முதல் 12 எழுத்து வரவேண்டும். முதல் வரிக்கும் மூன்றாம் வரிக்கும் இயைபு, அதாவது வரிக்கடைசியில் ஓசை ஒத்து வருவது; இரண்டுக்கும் நான்குக்கும் இயைபு. முன்னிரண்டு வரி பெம்பாயாங்: கண்ணில் படும் காட்சி. பின்னிரண்டு மக்சூட்: சொல்ல வந்த செய்தி.

முதலில் கடைசி இரண்டு வரியை எழுதுங்கள். வேலைக்காகக் கோலாலம்பூர் போய் வாடகை அறையில் தனியாக இருக்கும் பினாங்குக்காரர் ஒருவரை நினைத்துக்கொள்வோம்:

பழகிய முகங்கள் இல்லா அறையில்
பழைய கடிதம் மனம் படிக்கும்

அப்புறம் 'அறையில்', 'படிக்கும்' இரண்டுக்கும் இயைபு தேடுங்கள். துறையில், முறையில், சிறையில். பிடிக்கும், வெடிக்கும், துடிக்கும். பினாங்குக்காரருக்குத் 'துறை' என்றதும், தீவுக்கும் எதிர்க்கரைப் பட்டர்வொர்த்துக்கும் ஓடும் ஃபெரிதானே நினைவுக்கு வரும்?

படகு கிளம்பும் பட்டர்வொர்த் துறையில்
பாதி வழியில் மழை பிடிக்கும்

முதல் வரியை எண்ணிப் பாருங்கள்: ப, ட, கு, கி, ள, பு, ப, ட, வொ, து, றை, யி. சரியாக 12. நான்கு வரியும் பகரத்தில் தொடங்குவது தமிழ் மோனை. பந்துன் அதைக் கேட்பதில்லை, நம் காதுக்காகச் சேர்த்தது.

இயைபு கிடைத்ததும் நிறுத்திவிடாதீர்கள். பெம்பாயாங் வெறும் ஓசைக்குத்தான் என்று சொல்பவர்களும் உண்டு. எனக்கு அது போதாது. நடுக்கடலில் பிடிக்கும் மழை, ஊரைவிட்டு வந்தவரின் தவிப்பை முன்கூட்டியே காட்டிவிடுகிறது. சங்க அகப்பாட்டின் உள்ளுறையை, இயற்கைக் காட்சிக்குள் மனத்தின் செய்தியை மறைத்துச் சொல்லும் முறையை, ரசித்தவர்களுக்கு இது உடனே பிடிபடும்.

இதைத் தொடர ஆசையா? பந்துன் பெர்காயிட் என்ற தொடர் பந்துனில், ஒரு பாட்டின் இரண்டாம், நான்காம் வரிகள் அடுத்த பாட்டின் முதல், மூன்றாம் வரிகளாகும். விடுபட்ட இரண்டை நீங்கள் நிரப்புங்கள்:

பாதி வழியில் மழை பிடிக்கும்
………
பழைய கடிதம் மனம் படிக்கும்
………