3389-ஐத் திறக்காமல் வீட்டுக் கணினிக்கு ரிமோட் டெஸ்க்டாப்: வயர்கார்டு வழி

வெளியூரிலிருந்து வீட்டுக் கணினியை இயக்க வழி தேடினால், ரூட்டரில் ரிமோட் டெஸ்க்டாப் (தொலைவிலிருந்து கணினித் திரையை இயக்கும் விண்டோஸ் வசதி) பயன்படுத்தும் 3389 போர்ட்டை, அதாவது இணையத்திலிருந்து உள்ளே வரும் எண்ணிட்ட வாசலை, திறந்துவிடச் சொல்லும் வீடியோக்கள்தான் நிறைய கிடைக்கும். ஐந்து நிமிட வேலை, உண்மைதான். ஆனால் இணையத்தை ஓயாமல் துழாவும் நிரல்கள் அந்தப் போர்ட்டைக் கண்டுபிடித்ததும் பாஸ்வேர்டுகளை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்க்கத் தொடங்கிவிடும். 2019 மே மாதம் வெளியே தெரியவந்த, ரிமோட் டெஸ்க்டாப்பில் இருந்த ப்ளூகீப் ஓட்டைக்குப் பாஸ்வேர்டுகூடத் தேவைப்படவில்லை. ஆதரவு முடிந்துபோன விண்டோஸ் எக்ஸ்பிக்கும் மைக்ரோசாஃப்ட் திருத்தம் வெளியிட நேர்ந்தது அதனால்தான். போர்ட் எண்ணை வேறொன்றாக மாற்றுவதும் வீண். அந்த நிரல்கள் எல்லா எண்களையும் தட்டிப் பார்க்கும்.

இங்கே ரூட்டரில் ஒரே ஒரு யுடிபி (டேட்டா அனுப்பும் முறைகளில் ஒன்று; இன்னொன்று டிசிபி) போர்ட்டைத்தான் திறக்கப்போகிறோம். அதற்குப் பின்னால் வயர்கார்டு விபிஎன் (இரு கணினிகளுக்கு நடுவே பூட்டிய தனி வழி) இருக்கும். சரியான சாவி இல்லாமல் வருபவருக்கு வயர்கார்டு பதிலே சொல்லாது.

முதலில் பார்க்க வேண்டிய இரண்டு

வீட்டுக் கணினியில் விண்டோஸ் ப்ரோ இருக்க வேண்டும். ஹோம் பதிப்பு ரிமோட் டெஸ்க்டாப் இணைப்பை ஏற்காது. கையில் கொண்டுபோகும் லேப்டாப்பில் ஹோம் இருந்தால் பரவாயில்லை.

அடுத்தது உங்கள் ஐபி முகவரி. ரூட்டர் பக்கத்தைத் திறந்து (பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.0.1, ரூட்டரின் அடியில் ஒட்டியிருக்கும்) வேன் ஐபியை (ரூட்டரின் வெளிப்பக்க முகவரி) குறித்துக்கொள்ளுங்கள். ஐபி காட்டும் ஏதாவதொரு தளத்தில் தெரிவதும் அதுவும் ஒன்றாக இருந்தால் மேலே போகலாம். வேன் ஐபி 100.64 முதல் 100.127 வரையிலான எண்ணில் தொடங்கினால், ஒரே பொது முகவரியை இணைய நிறுவனம் பல வீடுகளுக்குப் பகிர்ந்து கொடுக்கிறது. இதற்குப் பெயர் சிஜிநாட். அங்கே போர்ட் ஃபார்வர்டிங் (ஒரு போர்ட்டுக்கு வருவதை வீட்டுக்குள் ஒரு கணினிக்குத் திருப்புவது) எத்தனை முறை செய்தாலும் வேலைக்காகாது. நிறுவனத்திடம் ஸ்டாடிக் ஐபி (மாறாத பொது முகவரி) கேளுங்கள். இல்லையென்றால் இரு கணினிகளிலும் டெயில்ஸ்கேலை (ரூட்டரில் போர்ட் திறக்கத் தேவையில்லாத விபிஎன்) நிறுவி, ஒரே கணக்கில் நுழைந்துவிட்டு, நேராக விண்டோஸ் பகுதிக்குப் போங்கள். 192.168 என்று தொடங்கினால் ஃபைபர் பெட்டியும் உங்கள் ரூட்டரும் இரண்டுமே ரூட்டராக இயங்குகின்றன. ஃபைபர் பெட்டியை பிரிட்ஜ் மோடுக்கு (ரூட்டராக இயங்காமல் இணைப்பை மட்டும் கடத்தும் நிலை) மாற்றச் சொல்ல வேண்டும்.

ரூட்டர்

அட்மின் பாஸ்வேர்டை மாற்றுங்கள். ரிமோட் மேனேஜ்மெண்ட் (வெளியிலிருந்து ரூட்டர் பக்கத்தைத் திறக்கும் வசதி), யுபிஎன்பி (கருவிகள் தாமே போர்ட் திறக்கும் வசதி) இரண்டையும் அணையுங்கள். டிஹெச்சிபி ரிசர்வேஷனில் வீட்டுக் கணினிக்கு நிலையான முகவரி கொடுங்கள், உதாரணமாக 192.168.1.50. இதைத் தவிர்த்தால் சில நாள் கழித்து முகவரி மாறி, எல்லாம் காரணமில்லாமல் நின்றுபோனது போலத் தோன்றும். பிறகு போர்ட் ஃபார்வர்டிங்கில் யுடிபி 51820-ஐ அந்த முகவரிக்குத் திருப்புங்கள். டிசிபி வேண்டாம்.

பொது ஐபி அடிக்கடி மாறும் என்பதால் டக்டிஎன்எஸ் போன்ற இலவச சேவையில், ஐபி மாறினாலும் வீட்டையே சுட்டும் ஒரு பெயரும் எடுத்துக்கொள்ளுங்கள்.

வயர்கார்டு

இரண்டு கணினிகளிலும் நிறுவி, 'ஆட் எம்ப்டி டனல்' கொடுத்தால் பிரைவேட் கீயும் பப்ளிக் கீயும் தானாக உருவாகும். பிரைவேட் கீ அந்தந்தக் கணினியைவிட்டு வெளியே போகக்கூடாது. பப்ளிக் கீயை மட்டும் மற்றதில் பதியுங்கள்.

வீட்டுக் கணினியின் இன்டர்ஃபேஸ் பகுதியில் அட்ரஸ் 10.77.0.1/24, லிசன் போர்ட் 51820. பியர் (எதிர்முனைக் கணினி) பகுதியில் லேப்டாப்பின் பப்ளிக் கீ, அலவ்டு ஐபிஸ் 10.77.0.2/32.

லேப்டாப்பில் அட்ரஸ் 10.77.0.2/24. பியர் பகுதியில் வீட்டுக் கணினியின் பப்ளிக் கீ, அலவ்டு ஐபிஸ் 10.77.0.1/32, எண்ட்பாயிண்டில் டக்டிஎன்எஸ் பெயரும் :51820-உம், பெர்சிஸ்டெண்ட் கீப்அலைவ் 25. அலவ்டு ஐபிஸில் 0.0.0.0/0 என்று போட்டால் லேப்டாப்பின் மொத்த இணையமும் வீட்டுக் கணினி வழியாகப் போகப் பார்த்து நின்றுவிடும்.

விண்டோஸ்

செட்டிங்ஸ், சிஸ்டம், ரிமோட் டெஸ்க்டாப்பில் சுவிட்சைப் போடுங்கள். நெட்வொர்க் லெவல் ஆதெண்டிகேஷன் (திரை வரும் முன்பே பாஸ்வேர்டைச் சரிபார்க்கும் அமைப்பு) அணைந்திருக்கக்கூடாது. பின்பு ஃபயர்வாலின் அட்வான்ஸ்டு பகுதியில் யுடிபி 51820-ஐ அனுமதிக்கும் இன்பவுண்ட் விதி ஒன்றைச் சேருங்கள். அங்கேயே 'ரிமோட் டெஸ்க்டாப் - யூசர் மோட்' விதிகளைத் திறந்து, ஸ்கோப்பில் ரிமோட் ஐபியை 10.77.0.0/24 என்று சுருக்குங்கள் (டெயில்ஸ்கேல் என்றால் 100.64.0.0/10). வீட்டு வைஃபையில் நுழைந்த விருந்தாளியின் போன்கூட இனி அந்தப் போர்ட்டைத் தொட முடியாது.

பவர் அமைப்பில் ஸ்லீப்பை 'நெவர்' ஆக்குங்கள். மின்வெட்டுக்குப் பிறகு தானாக எழ, பயாஸில் ஏசி பவர் போய் வந்தால் என்ன செய்வது என்ற அமைப்பை 'ஆன்' செய்துவைப்பது நல்லது. பலர் இதை நினைப்பதே இல்லை, ஊருக்குப் போன பிறகுதான் தெரியவரும்.

சோதனை

வீட்டு வைஃபையில் சோதிக்காதீர்கள்; பல ரூட்டர்கள் உள்ளிருந்து தன் பொது முகவரிக்கே திரும்பி வர விடாது. மொபைல் ஹாட்ஸ்பாட்டில் லேப்டாப்பை இணைத்து டனலை ஆக்டிவேட் செய்து, ரிமோட் டெஸ்க்டாப்பில் 10.77.0.1 என்று கொடுங்கள் (டெயில்ஸ்கேல் என்றால் அது வீட்டுக் கணினிக்குக் காட்டும் முகவரி). போர்ட் திறந்திருக்கிறதா என்று பார்க்கும் இணையதளங்கள் 'மூடியிருக்கிறது' என்று காட்டினால் பயப்பட வேண்டாம், வயர்கார்டு அவற்றுக்கும் பதில் சொல்லாது.

சிக்கல் எங்கே என்பதை வயர்கார்டு திரையில் 'லேட்டஸ்ட் ஹேண்ட்ஷேக்' வரி (இரு கணினிகளும் கடைசியாகச் சாவி சரிபார்த்த நேரம்) சொல்லிவிடும். அந்த வரியே இல்லையென்றால் கோளாறு வழியில்: சாவிகள் மாறியிருக்கலாம், ஃபார்வர்டிங் தவறான முகவரிக்குப் போகலாம், சிஜிநாட் இருக்கலாம், லேப்டாப் கடிகாரம் பின்னோக்கிப் போயிருக்கலாம். இணைப்பு நடுவில் செத்துப்போனால் வீட்டு ஐபி மாறியிருக்கும். டனலை அணைத்துப் போட்டால்தான் பெயரை மறுபடி தேடும்.

ஹேண்ட்ஷேக் இருந்தும் திரை வரவில்லையா? இனி ரூட்டரைத் தொடாதீர்கள், கோளாறு விண்டோஸில். ஸ்கோப்பில் எழுத்துப் பிழை இருக்கலாம். அதைவிட அதிகம் நடப்பது பாஸ்வேர்டு குழப்பம்: பின் எண் இங்கே செல்லாது, பாஸ்வேர்டே வைக்காத கணக்கையும் விண்டோஸ் அனுமதிக்காது. மைக்ரோசாஃப்ட் கணக்கு என்றால் மின்னஞ்சல் முகவரிதான் பயனர் பெயர். 'விண்டோஸ் ஹலோ மட்டும்' என்ற சைன்-இன் அமைப்பை அணைத்து, வீட்டுக் கணினியிலேயே ஒருமுறை பாஸ்வேர்டு போட்டு உள்ளே போய்விட்டு வாருங்கள்.

லேப்டாப் தொலைந்துவிட்டால் வீட்டுக் கணினியின் வயர்கார்டில் அதன் பியர் பகுதியை அழித்துச் சேமியுங்கள். அந்தச் சாவி அந்த நொடியிலிருந்து செல்லாது. கணக்கின் பாஸ்வேர்டையும் கையோடு மாற்றிவிடுங்கள்.