பத்துக் காசா, பத்து சென்னா? கல்லாவில் பிரிக்கும் வழி

சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவில் மளிகைக் கடைக் கல்லாவில் உட்காருகிறேன். வீடு பாலத்துக்கு அந்தப் பக்கம், மலேசியாவின் ஜொகூர் பாருவில். என் பர்ஸில் இரண்டு நாட்டுச் சில்லறையும் கலந்துதான் கிடக்கும். பாலத்தைத் தாண்டி வேலைக்கு வருகிற எல்லாருக்கும் இதே கதைதான். ஒரு சிங்கப்பூர் வெள்ளிக்கு, அதாவது டாலருக்கு, மூன்று மலேசிய ரிங்கிட்டுக்கு மேல் வருகிறது. வெள்ளியில் நூறில் ஒரு பங்கு காசு, ரிங்கிட்டில் நூறில் ஒரு பங்கு சென். ஆக, காசு மாறினால் யாரோ ஒருவர் கையைக் கடிக்கும்.

முதலில் எழுத்தைப் பாருங்கள். 1985-இல் தொடங்கிய வரிசையிலிருந்து, சிங்கப்பூர்க் காசில் அரசுச் சின்னம் உள்ள பக்கத்தில் நாட்டின் பெயர் நான்கு மொழிகளில் இருக்கிறது. 'சிங்கப்பூர்' என்று நம் எழுத்து தெரிந்தால் வேறு யோசனையே வேண்டாம். மலேசியக் காசில் தமிழ் கிடையாது.

பூவை நம்பாதீர்கள். மலேசியக் காசில் செம்பருத்தி இருக்கிறது, சரி. ஆனால் பழைய சிங்கப்பூர்க் காசுகளிலும் பூதான். பத்துக் காசில் மல்லிகை. அவசரத்தில் செம்பருத்தியும் மல்லிகையும் ஒன்றுபோலத் தெரியும்.

அதிகம் ஏமாற்றுவது இந்தப் பத்துதான். 2012-இல் வந்த மலேசியப் பத்து சென் 18.8 மில்லிமீட்டர், சிங்கப்பூர்ப் பத்துக் காசு 18.5. இரண்டும் வெள்ளை. இந்த வித்தியாசம் எந்த விரலுக்குத் தெரியும்? திருப்பிப் பார்த்தே ஆக வேண்டும். 2013 வரிசைப் பத்துக் காசில் அடுக்குமாடி வீடுகள் இருக்கும்.

ஐந்தில் குழப்பமில்லை: சிங்கப்பூருடையது மஞ்சள், மலேசியாவுடையது வெள்ளை. இருபதில் புதிய மலேசியக் காசு மஞ்சள், சிங்கப்பூருடையது வெள்ளை.

பணம் போவது வேறு இடத்தில். மலேசியாவின் புதிய ஐம்பது சென் மஞ்சள், 22.65 மில்லிமீட்டர். சிங்கப்பூரின் பழைய ஒரு வெள்ளிக் காசும் மஞ்சள், 22.4 மில்லிமீட்டர். கூட்ட நேரத்தில் ஒரு வெள்ளி என்று நினைத்து ஐம்பது சென்னை வாங்கிவிட்டால், கையில் இருப்பது பதினைந்து காசுக்குப் பக்கம்தான். பழைய ஒரு வெள்ளியின் முகத்தில் விளிம்பை ஒட்டி எட்டு மூலைச் சட்டம் ஓடும். நான் அதைத்தான் தேடுவேன். புதிய ஒரு வெள்ளி இரட்டை உலோகம், மெர்லயன் (சிங்கத் தலையும் மீன் உடலும் கொண்ட உருவம்) படம். அதைப் போல மலேசியச் சில்லறையில் எதுவும் இல்லை.

புரூணைக் காசு எப்போதாவதுதான் வரும், ஆனால் அதைத்தான் ஆட்கள் தவறாக ஒதுக்குகிறார்கள். அதன் இருபது சென்னும் மலேசியாவின் பழைய இருபது சென்னும் ஏறக்குறைய ஒரே அளவு, 23.6 மில்லிமீட்டர். காரணம் பழையது: 1967 ஜூன் வரை மூன்று இடத்துக்கும் ஒரே நாணய வாரியம். பிரிந்த பிறகும் அவரவர் காசை அதே அளவில்தான் அடித்தார்கள். 1973-இல் மலேசியா சம மதிப்பு ஒப்பந்தத்திலிருந்து விலகியது. சிங்கப்பூரும் புரூணையும் இன்றும் ஒன்றுக்கு ஒன்று. அதனால் புரூணை சுல்தான் முகம் பதித்த இருபது சென் கிடைத்தால் மலேசியக் குவியலில் தள்ளாதீர்கள். அது சிங்கப்பூர் இருபது காசுக்குச் சமம். காசு போடும் இயந்திரம் வேண்டுமானால் துப்பிவிடும்.

பிரித்த பிறகு என்ன செய்வது? பணம் மாற்றும் கடைகள் பெரும்பாலும் நோட்டைத்தான் வாங்கும், சில்லறையைத் தொடாது. பர்ஸில் ஜிப் உள்ள அறையை மலேசியக் காசுக்கு ஒதுக்கி, பாலம் தாண்டியதும் செலவழியுங்கள். கல்லாவிலோ, மேசையின் இடது பக்கம் ஒரு தகர டப்பா போதும். சந்தேகக் காசை அதில் போட்டுவிட்டு, கூட்டம் குறைந்ததும் திருப்பிப் பாருங்கள். வாடிக்கையாளர் எதிரே நின்று உற்றுப் பார்த்தால், "என்னக்கா, கள்ளக் காசா கொடுத்தேன்?" என்று சண்டைக்கு வருவார்கள்.