ர்ர்ரென்று இரையும், டார்ட் மட்டும் வராது

சாரல் பிடித்துவிட்டால் செங்கோட்டையில் பிள்ளைகளுக்கு வீட்டுக்குள்தான் ஆட்டம். மருமகனின் பெரிய மோட்டார் பொம்மைத் துப்பாக்கி ர்ர்ரென்று இரைகிறது, அதில் குண்டாகப் போடுகிற மெத்தென்ற ஃபோம் டார்ட் மட்டும் வெளியே வரவில்லை. "மாமா, செத்துப்போச்சு" என்றான்.

செல்களைக் கழற்றிவிட்டு மேல்மூடியைத் திறந்தால், டார்ட்டைக் கவ்வி எறிகிற 2 சக்கரங்களுக்கு நடுவே ஒன்று மடங்கி நசுங்கிக் கிடக்கிறது. அதை உருவி, சக்கரத்தில் அப்பியிருந்த ஃபோம் தூளைக் காய்ந்த துணியால் துடைத்தேன்.

அப்புறமும் வேகம் இல்லை. அதே செல்லில் டார்ச் எரிகிறதே என்றான். டார்ச்சுக்குப் போதும்டா, மோட்டார் கிளம்பும்போது இழுக்கிற கரண்டுக்குப் பழைய செல்லின் வோல்டேஜ் படுத்துவிடும். பழசையும் புதுசையும் கலக்காமல் மொத்தமாக மாற்றினோம். மோட்டார் விசையை முதலில் அழுத்தி, இரைச்சல் ஏறிய பிறகே சுட வேண்டும். இல்லாவிட்டால் மறுபடி சிக்கும். இப்போது பட்டாசாலையிலிருந்து அடுப்படி வரை பாய்கிறது. கண்ணுக்குக் கண்ணாடி போடாதவனுக்குத் துப்பாக்கி கிடையாது, அது அக்கா போட்ட சட்டம்.