பார்வையற்ற பிள்ளைகள் வழிகாட்டும் கார் ரேலி: நடத்த முன்வருபவர்களுக்கு

பக்கத்து இருக்கையில் பார்வையற்ற மாணவர் பிரெயில் வழித்தாளைத் தடவிப் படிக்க, அவர் சொல்லச் சொல்ல ஓட்டுநர் வண்டியைச் செலுத்துவார். நிதி திரட்டுவதற்காகச் சென்னை, மும்பை போன்ற நகரங்களில் இத்தகைய ரேலிகள் நடந்திருக்கின்றன. தலைமைப் பொறுப்பை ஏற்பவர் முதலில் கவலைப்பட வேண்டியது வழித்தாளைப் பற்றித்தான். சிறப்பு விருந்தினரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

பாதையை வண்டியிலேயே போய் அளந்து, ‘2.4 கி.மீ., பெட்ரோல் பங்க் தாண்டி இடது’ என்று சின்னச் சின்ன வரிகளாக எழுதுங்கள். பிரெயிலில் பக்கங்கள் பெருகும் என்பதால் வளவளப்பு வேண்டாம். அச்சானதும் பிரெயில் தெரிந்த ஆசிரியரிடம் கொடுத்துச் சரிபாருங்கள். ஓர் எண் பிசகினால் அத்தனை வண்டிகளும் ஒரே முட்டுச்சந்தில் போய் நிற்கும். தாள்கள்மேல் கனமான எதையும் வைக்காதீர்கள், புள்ளிகள் அமுங்கிவிடும். ஓட்டுநருக்குத் தனிப் பிரதி கொடுக்கவே கூடாது. கொடுத்தால் பிள்ளை வெறும் பயணியாகிவிடும்.

பொதுச் சாலையில் வேகப்போட்டி நடத்துவது மோட்டார் வாகனச் சட்டத்தின் 189ஆம் பிரிவின்படி குற்றம். ஆகவே, குறித்த நேரத்தை ஒட்டி வருபவருக்கே பரிசு. முந்தி வந்தாலும் மதிப்பெண் குறையும். காவல்துறை அனுமதியும் பெற்றோரின் எழுத்துப்பூர்வ ஒப்புதலும் முன்கூட்டியே கையில் இருக்கட்டும்.

நன்கொடையைக் காசோலையாகவோ வங்கி வழியாகவோ வாங்குங்கள். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுப்பவருக்கு வருமான வரிச் சலுகை கிடைக்காது.