லேபிள் ஒட்டும்போது கத்தாத தவறுகள்

கோயம்புத்தூரில் எங்கள் குழுவுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு மருந்தியக்க மாடலிங் (மருந்து உடலில் ஏறி இறங்குவதைக் கணக்கில் பிடிப்பது) நன்றாகவே தெரிகிறது. டேட்டாவிலுள்ள வகைகளுக்கு ஆர் என்ற புள்ளியியல் கணினி மொழியில் லேபிள் ஒட்டச் சொன்னால்தான் வம்பு. கமா விட்டது, அடைப்பு விட்டதையெல்லாம் ஆர் தானே கத்திச் சொல்லிவிடும், அதை விடுங்கள். அது கத்தாமல் விடுகிற தவறுகள்தான் இங்கே.

வரிசையை மாற்றப் போய் பெயரை மாற்றுவது

இதைப் பார்த்தால் எனக்கு இன்னமும் எரிச்சல்தான். சிறுநீரகச் செயல்பாடு நார்மல், மைல்டு, மாடரேட், சிவியர் என்று எழுத்தில் இருந்தது. ஃபேக்டராக்கினால் (ஆரில் வகைகளுக்கான டேட்டா வடிவம் அது) ஆர் அவற்றை ஆங்கில அகரவரிசையில் அடுக்கும்: மைல்டு, மாடரேட், நார்மல், சிவியர். பெட்டிப் படத்தில் (பாக்ஸ் பிளாட்) நார்மல் முதலில் வரட்டும் என்று ஒரு தம்பி, ஃபேக்டரின் லெவல்ஸுக்கு (வகைப் பெயர்களின் பட்டியல்) நேராக நார்மல், மைல்டு, மாடரேட், சிவியர் என்று எழுதிவிட்டார். ஈரோட்டு மண்டியில் மஞ்சள் மூட்டையை நகர்த்தாமல் சீட்டை மட்டும் மாற்றி ஒட்டிய கதை. மைல்டு நோயாளிகள் நார்மல் ஆனார்கள், மாடரேட் ஆட்கள் மைல்டு, நார்மல் ஆட்கள் மாடரேட். சிவியர் மட்டும் அசையவில்லை, அதனால் கடைசிப் பெட்டியைப் பார்த்தவருக்குச் சந்தேகமே வரவில்லை.

“ஏனுங்க, மாடரேட் ஆளுங்களுக்குத்தான் கிளியரன்ஸ் அதிகமா இருக்குதுங்க?” என்று கேட்டுக்கொண்டு வந்தார் தம்பி. கிளியரன்ஸ் என்றால் உடல் மருந்தை வெளியேற்றும் வேகம். அந்த மருந்து பெரும்பாலும் சிறுநீரகம் வழியே வெளியேறுவது, படமே காட்டிக்கொடுத்தது. கல்லீரல் வழியே போகிற மருந்தாக இருந்திருந்தால் நாலு பெட்டியும் ஏறக்குறைய ஒரே உயரத்தில் நின்றிருக்கும், தப்பு அப்படியே ரிப்போர்ட்டில் ஏறியிருக்கும்.

ஃபேக்டர் ஃபங்ஷனுக்குள்ளேயே லெவல்ஸ் (டேட்டாவில் இருப்பது), லேபிள்ஸ் (காட்டவேண்டிய பெயர்) இரண்டையும் ஜோடியாகக் கொடுங்கள். பழைய நெடுவரிசையை அழிக்காமல் புதிதாக ஒன்றில் பெயர் வையுங்கள். அப்புறம் இரண்டையும் குறுக்கும் நெடுக்குமாக டேபிள் போட்டு, மைல்டின் எண்ணிக்கை மைல்டுக்கு நேரே இருக்கிறதா என்று பாருங்கள். வரிசைக்கு ஒரு கட்டத்தில் மட்டும் எண் இருந்தால் சரி என்று விட்டுவிடாதீர்கள். அந்தத் தம்பியின் டேபிளிலும் அப்படித்தான் இருந்தது.

ஃபேக்டரை நேரே எண்ணாக்குவது

0, 1 என்றிருந்த பாலினம், 1, 2 ஆகிவிடும். கிடைப்பது லெவலின் இட எண். நான்மெம் (மாடலிங் மென்பொருள்) கோடில் 1 பெண் என்றிருந்தால் பெண்ணுக்கான விளைவு ஆண்கள் மேல் போய் உட்காரும். முதலில் கேரக்டர் (எழுத்து) ஆக்குங்கள், பிறகு நியூமெரிக் (எண்).

தகவல் இல்லாத இடத்தில் புள்ளி

நான்மெம் அதை 0 என்று படிக்கும். 0 ஆண் என்றால், பாலினம் தெரியாதவர்கள் எல்லாரும் ஆண். -99 போடுங்கள். அதையும் லெவல்ஸில் சேருங்கள், இல்லாவிட்டால் ஆர் சத்தமில்லாமல் என்ஏ (தகவல் இல்லை) ஆக்கிவிடும்.

ரெஃபரன்ஸ் குரூப்

மற்ற வகைகளை எதோடு ஒப்பிடுவது என்பதற்கு ஆர் முதல் லெவலைத்தான் எடுத்துக்கொள்ளும். வேறு வேண்டுமென்றால் ரீலெவல் ஃபங்ஷன்.