121ஆம் சங்கீதம் வாசிக்கிறப்போ நாம பண்ற தப்புங்க

யாராவது ஊருக்குக் கிளம்புனா எங்க ஆச்சி வாசல்ல நின்னு பைபிள்ல இருக்கிற 121ஆம் சங்கீதத்த முழுசா சொல்லித்தான் அனுப்புவாங்க, மொத்தமே எட்டு வசனம்ங்கிறதால சின்ன வயசுலயே மனப்பாடம் ஆயிருச்சு. ஆனா மனப்பாடமா தெரிஞ்ச வசனத்தத்தான் நாம நின்னு வாசிக்கிறதே இல்ல.

முதல் தப்பு முதல் வசனத்துலயே இருக்கு. "எனக்கு ஒத்தாசை வரும் பர்வதங்களுக்கு நேராக என் கண்களை ஏறெடுக்கிறேன்"னு நம்ம பழைய மொழிபெயர்ப்புல இருக்கறதால, மலையில இருந்துதான் உதவி வருதுன்னு பலபேர் நினைச்சுக்கறாங்க, அத வச்சு பிரசங்கமே பண்றாங்க. இந்தப் பாட்ட முதல்ல எழுதின எபிரெய மொழியில அங்க இருக்கிற வார்த்தை 'மேஅயின்', அப்படின்னா 'எங்கேயிருந்து'. அது ஒரு கேள்விங்க! மலையப் பாக்கறேன், எனக்கு எங்கேயிருந்து உதவி வரும்? இது ஆரோகண சங்கீதம், 120ல இருந்து 134 வரைக்கும் இருக்கிற 15 பாட்டுல ஒண்ணு, பண்டிகைக்கு எருசலேமுக்கு ஏறிப் போறவங்க பாடினதுன்னுதான் பொதுவா சொல்வாங்க. அப்படிப் போற வழியில இருக்கிற எரிகோ ஊர் கடல் மட்டத்துக்குக் கீழ கிடக்குது, எருசலேம் சுமார் 750 மீட்டர் உயரத்துல, நடுவுல வறண்ட மலை, நடந்துதான் ஏறணும். அந்தக் காலத்துல மலைங்க மேல வேற தெய்வங்களுக்கு மேடைகளும் இருந்துச்சு. அப்படிப்பட்ட மலையப் பாத்து பயந்து கேக்கற கேள்வின்னு வச்சு வாசிச்சுப் பாருங்க, "வானத்தையும் பூமியையும் உண்டாக்கின கர்த்தரிடத்திலிருந்து"ங்கிற பதில் எவ்வளவு பலமா விழுதுன்னு தெரியும். மலைய உண்டாக்கினவர்கிட்ட இருந்து உதவி வருது, மலையில இருந்து இல்ல.

அடுத்தது, எட்டு வசனத்தையும் ஒரே ஆள் சொல்றதா நினைக்கிறது. ரெண்டு வசனம் வரைக்கும் 'எனக்கு', மூணாவதுல இருந்து 'உன்'. கூட வர்றவங்களோ வழியனுப்புறவங்களோ பதில் சொல்ற மாதிரி இருக்கு. இதுல தமிழ்ல தெரியாம போற ஒரு அழகு உண்டு, எபிரெயத்துல 'இல்ல, வேண்டாம்'னு மறுக்க ரெண்டு சொல் இருக்கு, மூணாம் வசனத்துல வர்ற 'அல்' வேண்டுதலாவும் வரும், அதனால "உன்னைக் காக்கிறவர் உறங்காம இருக்கட்டும்"னும் வாசிக்கலாம், நாலாம் வசனத்துல 'லோ'ன்னு மாறி, உறங்கவே மாட்டார்னு அடிச்சு சொல்லுது. வேண்டுதலா ஆரம்பிச்சது உறுதியா மாறுது. தனியா பயந்தவனுக்கு இன்னொருத்தர் வாயால வர்ற தைரியம் அது.

"பகலிலே வெயிலாகிலும்... உன்னைச் சேதப்படுத்துவதில்லை"ங்கிறத கவிதைக்காக சொன்னதுன்னு தாண்டிப் போகாதீங்க. பைபிள்ல யோனா தீர்க்கதரிசி தலையில வெயில் தாக்கி சோர்ந்து போனான்ல, அங்கயும் 'சேதப்படுத்துற'ங்கிறதுக்கு உள்ள இதே எபிரெய வினைச்சொல்தான். அந்த ஊர் வெயில்ல நடந்தவங்களுக்கு "கர்த்தர் உனக்கு நிழல்"ங்கிறது உடம்புல உணர்ற வார்த்தை.

எனக்கு ரொம்ப வலிக்கிற தப்பு ஒண்ணு இருக்கு. "எல்லாத் தீங்குக்கும் விலக்கிக் காப்பார்"ங்கிறத விபத்தே வராதுங்கிற கேரண்டி மாதிரி எடுத்துக்கிட்டு, விபத்து நடந்த வீட்டுல போய் "விசுவாசம் குறைஞ்சிருக்கும்"னு சொல்றது. ஒரு சாவு வீட்டுல, பையன பறிகொடுத்த அம்மா பக்கத்துலயே உக்காந்துகிட்டு ஒருத்தர் இத சொன்னத என் காதால கேட்டேன், அந்த அம்மா அப்புறம் வாயே திறக்கல. இதே சங்கீதப் புத்தகத்துலதான் இருட்டுலயே முடியற 88ஆம் சங்கீதமும் இருக்கு. பைபிள்ல பிள்ளைங்க, சொத்து எல்லாத்தையும் இழந்து உக்காந்திருந்த யோபுவோட நண்பர்களும் இப்படித்தான் பேசினாங்க, நீங்க சரியா பேசலன்னு கடவுளே அவங்கள கண்டிச்சார். 'காக்கிற'ங்கிற சொல் எபிரெயத்துல இந்த எட்டு வசனத்துக்குள்ள ஆறு தடவை வருது, காவல்காரன் ராத்திரி பூரா முழிச்சிருந்து காக்கிற அர்த்தமும் அதுல உண்டு. பாதையில கல்லே இருக்காதுன்னு எங்கயும் சொல்லல, கூட இருக்கிறவர் தூங்க மாட்டார்னுதான் சொல்லுது. துக்க வீட்டுல அத மட்டும் சொல்லுங்க, இல்லன்னா கைய பிடிச்சுகிட்டு சும்மா உக்காந்திருங்க.

கடைசியா, இத தூரப் பயணத்துக்கு மட்டும்னு ஒதுக்கி வைக்காதீங்க. எட்டாம் வசனத்துல வர்ற "உன் போக்கையும் உன் வரத்தையும்"ங்கிறது எபிரெயத்துல அன்றாட வேலைக்குப் போய் வர்றதையும் சேர்த்து சொல்ற பேச்சு. தாத்தா வயலுக்குக் கிளம்பறப்போ கூட ஆச்சி அந்த எட்டாம் வசனத்த மட்டும் மெதுவா சொல்வாங்க, சாயங்காலம் அவர் செருப்ப கழட்டுற சத்தம் கேட்டதும் "ஸ்தோத்திரம்"னுட்டு அடுப்புல காப்பிக்கு தண்ணி வைப்பாங்க.