பழைய ரியோஹா கிரான் ரிசர்வாவை அவசரப்படாம ருசி பாக்கறது எப்படி

பதினஞ்சு இருபது வருஷம் ஆன ரியோஹா கிரான் ரிசர்வா (ஸ்பெயின் நாட்டு ரெட் ஒயின்) ஒண்ணு கைக்கு வந்துச்சுன்னா அன்னைக்கு ராத்திரியே தொறந்துடாதீங்க. படுக்க வெச்சிருந்த பாட்டிலை நிமித்தி ஒரு நாள், முடிஞ்சா ரெண்டு நாள், அப்படியே நிக்க விடுங்க. உள்ள வண்டல் இருக்கும், அது அடியில எறங்கணும். நான் மொத தடவை கடைலேந்து வாங்கி பையில ஆட்டிக்கிட்டே வந்து நேரா தொறந்துட்டேன், கடைசி ரெண்டு கிளாஸும் காப்பித்தூள் மண்டியைக் குடிச்ச மாதிரி நறநறன்னு போச்சு.

இது என்ன சரக்குன்னு தெரிஞ்சாதான் எதைத் தேடணும்னு புரியும். ஸ்பெயினோட வடக்குப் பக்கம் எப்ரோ ஆத்தங்கரை, முக்கியமா டெம்ப்ரானியோ திராட்சை, கூட கொஞ்சம் கார்னாச்சா, கிராசியானோ, மசுவேலோ. லேபிள்ல கிரான் ரிசர்வான்னு போடணும்னா ரெட் ஒயின் குறைஞ்சது 5 வருஷம் காத்திருக்கணும், அதுல குறைஞ்சது 2 வருஷம் 225 லிட்டர் ஓக் பீப்பாயில, குறைஞ்சது 2 வருஷம் பாட்டில்ல. இது சட்டம் சொல்ற அளவு, பழைய பாணி ஆளுங்க இதோட நிறுத்தறதே இல்ல, இன்னும் அதிகமாவே வெப்பாங்க. லா ரியோஹா ஆல்ட்டா கம்பெனியோட 904ங்கற ஒயின் நாலு வருஷம் போல பீப்பாயில கெடக்கும் (904ங்கறது மார்க் இல்லங்க, 1904ங்கற வருஷத்தோட ஞாபகம்), லோப்பஸ் டி எரேதியாவோட தொந்தோனியா கிரான் ரிசர்வா கிட்டத்தட்ட பத்து வருஷம். ரெண்டு கம்பெனியும் ஆரோங்கற சின்ன ஊர்ல ரயில்வே ஸ்டேஷன் பக்கத்துலயே இருக்கு. 19ஆம் நூற்றாண்டுல பிரான்ஸ்ல ஃபிலாக்ஸெரா பூச்சி வந்து திராட்சைத் தோட்டமெல்லாம் நாசமானப்போ அந்த நாட்டு போர்டோ (Bordeaux) வியாபாரிங்க ஒயின் தேடி இங்க வந்தாங்க, பீப்பாயை ரயில்ல ஏத்தி அனுப்ப வசதின்னு எல்லாரும் ஸ்டேஷனை ஒட்டியே கட்டிட்டாங்க. எரேதியா பாதாள அறைல சிலந்தி வலையைக் கூட கலைக்க மாட்டாங்க, கார்க்கைத் தின்ன வர்ற பூச்சியை அதுங்க பாத்துக்குமாம்.

இப்ப தொறக்கலாம். 16லேந்து 18 டிகிரிக்குள்ள இருக்கட்டும், ரூம் டெம்பரேச்சர்னு படிச்சுட்டு 28 டிகிரில ஊத்துனா ஆல்கஹால் நெடிதான் முன்னாடி நிக்கும், ஃப்ரிட்ஜ்ல ஒரு மணி நேரம் போல வெச்சாப் போதும், ஆனா நிக்க வெச்சே வைங்க. பழைய கார்க் ஊறிப்போய் பிஞ்சுக்கும், சாதா ஸ்க்ரூவைவிட ரெண்டு தகடு இருக்கற ஓப்பனர் நல்லது, கார்க்குக்கு ரெண்டு பக்கமும் தகட்டை மெதுவா எறக்கி திருகிக்கிட்டே இழுக்கணும். அப்படியும் ஒடஞ்சு உள்ள விழுந்துச்சுன்னா டென்ஷன் ஆகாதீங்க, சுத்தமான டீ வடிகட்டி இருக்கு இல்ல.

டிகேன்ட்டர்ல (ஒயினை மாத்தி ஊத்தி காத்தாட வைக்கற கண்ணாடிக் குடுவை) ஊத்தலாமா வேணாமான்னு ஒரு பெரிய சண்டையே நடக்கும். என் கணக்குல வேணாம். இந்த ஒயினை பீப்பாயில இருக்கும்போதே ஆறு மாசத்துக்கு ஒருவாட்டி வேற பீப்பாய்க்கு மாத்திருப்பாங்க, காத்து அதுக்குப் புதுசு இல்ல, இருந்தாலும் ரொம்ப வயசான பாட்டில் டிகேன்ட்டர்ல அரை மணி நேரத்துல வாசமெல்லாம் விட்டுட்டு உக்காந்துடும், அதோட அது மாறிக்கிட்டே போறதை பாக்கற சுகமும் போயிடும். பாட்டில் கழுத்துக்குக் கீழ போன் டார்ச்சைப் போட்டுக்கிட்டு ஒரே சாய்வா ஊத்துங்க, பெரிய கிளாஸ்ல ஒரு கால்வாசிகூட வேணாம், கலங்கல் கழுத்துக்கு வந்ததும் நிறுத்திடுங்க.

கிளாஸை வெள்ளைப் பேப்பர் மேல சாய்ச்சுப் பாருங்க. இளம் ஒயின் மாதிரி கருநாவல் கலர் இருக்காது. நடுவுல மாணிக்கம், ஓரத்துக்குப் போகப் போக செங்கல், அப்புறம் ஒரு ஆரஞ்சு, தண்ணி கலந்துட்டாங்களோன்னுகூட தோணும். கெட்டுப்போனது இல்ல, வயசு.

மொதல் மோப்பத்துல ஏமாந்துடாதீங்க, பெரும்பாலானவங்க தப்பு பண்றது இங்கதான். இத்தனை வருஷம் மூடிக் கெடந்த பாட்டில், பூட்டுன வீட்டைத் தொறந்த மாதிரி ஒரு வாடை வரும். பத்து நிமிஷம் தொடாம வைங்க. அந்த வாடை போயிட்டே இருந்தா பிரச்சனை இல்ல, நனைஞ்ச அட்டைப்பெட்டி நாத்தம் அடிச்சு அது நேரம் ஆக ஆக ஏறிக்கிட்டே வந்துச்சுன்னா கார்க் கெட்டது, அதுக்கு வைத்தியம் கெடையாது. லேசா நெயில் பாலிஷ் மாதிரி ஒரு சுள்ளுன்னு இருந்தா பரவால்ல, இந்தப் பாணில அது கொஞ்சம் வரும், வினிகராவே இருந்தா சமையல்கட்டுக்குத்தான்.

அப்புறம் ஆரம்பிக்கும் பாருங்க. மொதல்ல கொப்பரை, வெனிலா, கொஞ்சம் சதகுப்பை, இது மூணும் அமெரிக்க ஓக் மரத்தோட கையெழுத்து, கொப்பரை வாசத்துக்கு அந்த மரத்துல இருக்கற லாக்டோன்ங்கற வாசப்பொருள்தான் காரணம். கீழ காஞ்ச செர்ரி, உலர் அத்தி, ஆரஞ்சு தோல். இன்னும் கொஞ்ச நேரம் போனா தோல் செருப்புக் கடை, புகையிலை, மழை பேஞ்ச மறுநாள் இலைக்குப்பையைக் கிளறுனா வர்ற வாசம், காளான். எல்லாம் வரணும்னு இல்ல, இது வருதான்னு லிஸ்ட் வெச்சுக்கிட்டு தேடவும் வேணாம், உங்களுக்கு உங்க வீட்டு பழைய மரப்பெட்டி ஞாபகம் வந்தா அதையே எழுதி வைங்க.

வாயில கொஞ்சமா எடுத்து நாக்குல எல்லா பக்கமும் படற மாதிரி சுத்துங்க. பழம் சத்தமா இருக்காது, புளிப்புதான் முதுகெலும்பு, எச்சில் ஊற வெக்கும். துவர்ப்பு ஈறைப் புடிச்சு இழுக்காம பட்டு மாதிரி போகணும். முழுங்கிட்டு கடிகாரத்தைப் பாருங்க, நல்ல பாட்டில்னா அரை நிமிஷம் தாண்டியும் வாயில ருசி நிக்கும். வருஷம் பாத்து வாங்கறவங்களுக்கு, 2001, 2004, 2005, 2010 நாலுமே அந்த ஊர் ஒயின் ஒழுங்குமுறைக் கவுன்சில் 'எக்ஸலென்டே'ன்னு (ரொம்ப அருமைன்னு) முத்திரை குத்துன வருஷம்.

சாப்பாட்டுக்கு காரசாரமா எதுவும் வேணாம், மசாலா ஏறுனா இந்த நுணுக்கமெல்லாம் காணாமப் போயிடும். அந்த ஊர்ல காஞ்ச திராட்சைக் குச்சியை எரிச்சு அந்தத் தணல்ல சின்ன ஆட்டு சாப்ஸ் சுடுவாங்க, வெறும் உப்புதான், அதுக்கு இதைவிட ஜோடி இல்ல. ரியோஹாவோட தலைநகர் லோக்ரோன்யோல, லாரெல் தெருவுல பூண்டு எண்ணெய்ல வாட்டுன காளானை அடுக்கி மேல ஒரு இறால் வெச்சு ரொட்டியில தருவாங்க, அதுவும் அருமை.

ஒரு பாட்டிலுக்கு மூணு மணி நேரம் குடுங்க, நாலு பேர் இருந்தா சரியா இருக்கும். மொத கிளாஸ்ல ஒரு வாய் மிச்சம் வெச்சு கடைசில ஊத்துனதோட ஒப்பிட்டுப் பாருங்க, ரெண்டும் ஒரே பாட்டிலான்னு கேப்பீங்க. அப்புறம் காலி கிளாஸை அன்னைக்கே கழுவிடாதீங்க, காலைல எழுந்து காப்பி குடிக்கறதுக்கு முன்னாடி ஒருவாட்டி மோந்து பாத்துட்டு கழுவுங்க.